தூசி விழுந்தது என்று சொல்லாதீர்கள்

நான் கூடலூர்க்காரி. நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தேனி மாவட்டத்துக் கூடலூர். காலை ஆறரைக்கு ஜீப் வரும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் கேரளத்துக் குமுளி. அவர்கள் தோட்டத்துக்குப் பிரிந்து போவார்கள், நான் ஒரு தங்கும் விடுதியின் தோட்ட வேலைக்குப் போவேன். களை பறிப்பது, பாத்தி கட்டுவது, செடி கத்தரிப்பது, புல்தரைக்குத் தண்ணீர் விடுவது. 2022இல் எனக்கு நாள் கூலி 450 ரூபாய். விடுதிக்காரர்கள் நேரடியாகத் தருவதில்லை, தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த காண்ட்ராக்டர் சனிக்கிழமை கையில் கொடுப்பார். எஸ்டேட் வேலையோடு பார்த்தால் இது நல்ல வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அட்டைக்கடி இல்லை, தலைச்சுமை இல்லை. இதில் கண் போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வருடம் ஜூலையில் பத்து நாள் விடாத மழை. குமுளியில் மழை என்றால் புல் ஒரே வாரத்தில் முழங்கால் வரைக்கும் வந்துவிடும். மழை கொஞ்சம் விட்ட ஒரு திங்கட்கிழமை, வார இறுதிக்குள் மொத்தத் தோட்டத்தையும் சரி பண்ண வேண்டும் என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டார்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவன்தான் பிரஷ் கட்டர் ஓட்டுவான். தோளில் பெல்ட் மாட்டிக்கொண்டு, கம்பியின் முனையில் நைலான் நரம்பு சுற்றுமே, அந்த மெஷின். நரம்புக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்க வேண்டும். ஈரப்புல் அதில் அடைத்துக்கொள்கிறது, கழற்றிவிட்டால் நரம்பை நீளமாக விடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்று அதைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். அவன் சரிவில் மேலே வெட்டிக்கொண்டு வர, பத்தடி கீழே செம்பருத்தி ஓரமாக நான் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, நிமிர்ந்தேன். சுரீர் என்று வலது கண்ணில் ஏதோ அடித்தது.

கல் இல்லை. கல்லாக இருந்திருந்தால் ரத்தம் வந்திருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அடித்தது ஒரு புல் துணுக்கு. ஓஸ் பைப்பைப் பிடித்துக் கழுவியதும் இமையோரத்திலிருந்து விரல் நகத்தளவு பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது. வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "ஒண்ணும் இல்ல சேச்சி, பொடி போயதாணு" என்றார், தூசி போனதுதான் என்று. நானும் தூசிதான் என்றேன். அரை நாள் கூலி போய்விடுமே என்று சாயங்காலம் நாலரை வரைக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தேன். கூட வேலை பார்த்த அக்கா நந்தியாவட்டைப் பூவைப் பறித்துவந்து, "ரெண்டு சொட்டு விடுத்தா, குளிர்ச்சியாப் போயிரும்" என்றார். பிழிந்து விட்டுக்கொண்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் பக்கம் கண் என்றால் நந்தியாவட்டைதான். ஆனால் கருவிழியில் கீறல் இருக்கும்போது பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடக்கூடாது. மண்ணிலும் செடியிலும் இருக்கிற கிருமியைக் கீறலுக்குள் நாமே கொண்டுபோய் விட்டதாக ஆகிவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கசக்கவே கூடாது.

அன்று ராத்திரி கண்ணைத் திறக்க முடியவில்லை. டியூப் லைட் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வீட்டில் நானும் பத்தாவது படிக்கிற மகளும்தான். மறுநாள் காலை மெடிக்கலில் போய், "கண்ணுல தூசி விழுந்துருச்சு, செவந்து கெடக்கு" என்று சொன்னேன். 68 ரூபாய்க்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலு வேளை விட்டதும் சிவப்பு குறைந்தது, வலியும் பாதியாக இறங்கியது. சரியாகிவிட்டது என்று புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வேலைக்குப் போனேன். அந்த மூன்று நாள்தான் என் கண்ணைக் கெடுத்தது.

மதுரைக்குப் போன பிறகுதான் அது என்ன மருந்து என்று தெரிந்தது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு. அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், பார்ப்பதற்குக் குணமானது போல இருக்கும். ஆனால் கிருமியை எதிர்த்துச் சண்டை போடுகிற உடம்பின் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். உள்ளே பூஞ்சை இருந்தால் அது தடையில்லாமல் வளரும். அதனால் ஒன்று செய்யுங்கள். கண் மருந்து வாங்கினால் லேபிளைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால், கண் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். எழுத்து சின்னதாக இருந்தால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மெடிக்கல்காரரிடம் "இதில் ஸ்டீராய்டு இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள் வலி திரும்பி வந்தது, இந்த முறை மண்டை வரைக்கும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். 300 ரூபாய் பீஸ். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேறு ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு எழுதினார், பழைய சொட்டையும் தொடரச் சொன்னார். அவரிடமும் நான் தூசி என்றுதான் சொன்னேன், சீட்டிலும் தூசி என்றே எழுதினார். பச்சைப் புல் அடித்தது, மெஷின் ஓடும்போது அடித்தது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை தலை வாரிவிடும்போது மகள் என் முகத்தையே பார்த்தாள். "அம்மா, கருவிழியில வெள்ளையா புள்ளி இருக்கும்மா." கண்ணாடியில் பார்த்தேன். கடுகளவுக்குச் சாம்பல் வெள்ளையாக, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தால் மகள் முகம் பனிமூட்டத்துக்குள் தெரிந்தது. அன்று நான் அழுத அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும். மகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, மறுநாள் விடிகாலையில் தனியாக மதுரை பஸ் ஏறினேன்.

மதுரைக் கண் மருத்துவமனையில் முதல் கேள்வியே, "என்னம்மா பட்டுச்சு? செடியா, மண்ணா, இரும்பா?" என்பதுதான். பத்து நாளில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார். சொன்னேன். மரத்துப்போகிற சொட்டு விட்டு, சின்னப் பிளேடால் புண்ணைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழை கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுமாம். தெரிந்தது. பிறகு வளர்த்துப் பார்த்ததில் பியூசேரியம் என்று வந்தது. மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக இருக்கிற பூஞ்சை. நாங்கள் தினமும் கையால் அளைகிற மண்ணில் இருப்பதுதான்.

வார்டில் என்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்களைப் பார்த்தபோது இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை என்று புரிந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாவுக்குக் கரும்புத் தோகை கிழித்தது. ஒரு பெரியவருக்கு நெல் உமி பட்டது. பால் கறக்கும்போது மாட்டு வால் அடித்து ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் ஏதோ ஒரு சொட்டை விட்டு நாள் கடத்திவிட்டு வந்தவர்கள்தான். எங்களுக்குக் கொடுத்தது நேட்டமைசின் 5 சதவீதம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பாட்டிலின் அடியில் மாவாகப் படிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். குலுக்காமல் விட்டால் மேலே இருக்கிற தெளிவு மட்டும்தான் கண்ணுக்குள் போகும். நர்ஸ் அம்மா இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பகலில் மணிக்கு ஒரு தடவை, ராத்திரியில் இரண்டு மணிக்கு ஒரு தடவை. போனில் அலாரம் வைத்து, யாரும் கூட இல்லாததால் நானே படுத்தபடி இமையைக் கீழே இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டேன். காலையில் இமை மயிரெல்லாம் கோலமாவு அப்பின மாதிரி இருக்கும். இதைவிட விலை கூடின மருந்து இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை வைத்து வோரிகோனசோல் என்ற புதிய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வந்தது, நேட்டமைசின்தான் நன்றாக வேலை செய்தது, அதிலும் உங்களுக்கு வந்திருக்கிற பியூசேரியத்துக்கு இதுதான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அலாரத்துக்கு எழுந்திருப்பதில் ஒரு நம்பிக்கை வந்தது.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என் மனசை இன்றுவரை அறுக்கிறது. நேபாளத்தில் பக்தபூரில் கருவிழிக் கீறல் வந்தவர்களுக்கு ஊர் சுகாதாரப் பணியாளர்களே குளோராம்பெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டுவிட்டார்களாம். 442 பேரில் 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. ஒரு நாள் தாண்டி வந்தவர்களுக்குத்தான் கூடுதலாகப் புண் ஆனது. நான் திங்கட்கிழமை மதியம் அடிபட்டவள். செவ்வாய் காலை ஒரு கண் பரிசோதனை மையத்துக்குப் போயிருந்தால் ஒரு டியூப் களிம்போடு போயிருக்கலாம். கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகாது. "சாயம் விட்டுப் பாருங்க சார்" என்று நீங்களே கேட்கலாம். களிம்பை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கீறலா, உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா, துளைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எது மருந்து என்று சொல்ல முடியும்.

பன்னிரண்டு நாள் வார்டு, அப்புறம் வாரம் ஒரு தடவை மதுரைக்கு நடை. புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. ஆறின இடத்தில் தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டது. வலது கண்ணில், கண் பரிசோதனை அட்டையில் மேலே இருக்கிற பெரிய எழுத்து ஒன்றுதான் தெரிகிறது. பதினோரு வாரம் வேலை இல்லை, வாரம் ஆறு நாள் கணக்கில் 29,700 ரூபாய் கூலி போனது. மருந்து, தங்கல், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 18,600 ஆனது. என் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் 22,000க்கு அடகு வைத்தேன், திருப்ப ஒன்றரை வருடம் ஆனது. காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்து 5,000 கொடுத்துவிட்டு ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என்ன எழுதியிருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. கண் கட்டுப் போட்டிருந்தது, எழுத்து மலையாளத்தில் இருந்தது. கண்ணில் கட்டோடு இருக்கிறவளிடம் கையெழுத்து வாங்கியது நியாயமே இல்லை. உங்களுக்கும் இப்படி வந்தால், படித்துச் சொல்ல ஆள் வரும்வரை போடாதீர்கள். கொடுத்த பேப்பரைப் போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டஈடு கேட்கலாமா என்று விசாரித்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "கேரளாவுல நடந்தது, இடுக்கிக்குத்தான் அலையணும், உன்னால ஆகாது." அதை நம்பி விட்டுவிட்டேன். 2024 செப்டம்பரில் வேறு வேலையாக ஒரு வக்கீலிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று நடப்பில் இருந்த 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பது இல்லை. தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கிற இடத்திலும் போடலாம். தேனியிலேயே கேட்டிருக்கலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிற எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான பேருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு கண்ணின் பார்வை முழுதாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம், ஒரு பகுதி போனால் 10 சதவீதம் போனதாகக் கணக்கு என்று அதில் அட்டவணையே போட்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் மூலமாக வேலை செய்தாலும் வேலை கொடுத்த பெரிய இடத்தையும் கேட்க வழி இருக்கிறது. அன்று மனு போட இரண்டு வருடம் கெடு. நான் போனபோது இரண்டு மாதம் தாண்டிவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்றுக்கொள்ளவும் வழி உண்டு என்றார். ஆனால் அடுத்து அவர் கேட்டது, "வேலையில் பட்டதுக்கு என்னம்மா ஆதாரம்?" மெடிக்கல் பில் இல்லை. கிளினிக் சீட்டில் தூசி என்று இருக்கிறது. மேஸ்திரி நோட்டில் அந்த வாரம் அடிபட்ட பிறகும் நான் வேலை செய்ததாக இருக்கிறது. என் வாயால் சொன்ன தூசி என்ற ஒரு வார்த்தை வைத்தியத்தையும் கெடுத்தது, வழக்கையும் கெடுத்தது.

அதனால் அடிபட்ட அன்றைக்கே, என்ன பட்டது, எந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜாவது அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வேலை செய்யும்போது பட்டது" என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கூலி வாங்கும்போது மேஸ்திரி நோட்டில் உங்கள் பெயர் இருக்கிற பக்கத்தை மாதம் ஒரு தடவை போட்டோ எடுங்கள். பேங்க்கில் பிரதமர் விபத்துக் காப்பீடு என்று வருடத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். ஒரு கண் பார்வை மீட்க முடியாமல் முழுதாகப் போனால் ஒரு லட்சம் கிடைக்கும். எனக்குக் கொஞ்சம் தெரிகிறது என்பதால் அதில் வராது, ஆனாலும் மே மாதக் கடைசியில் அக்கவுண்டில் பணம் இருக்கும்படி இப்போது பார்த்துக்கொள்கிறேன். 20 ரூபாய்தானே.

திரும்ப வேலைக்குப் போனபோது பயந்துகொண்டேதான் போனேன். மெஷின் சத்தம் கேட்டாலே உடம்பு உதறும். பிரஷ் கட்டருக்கு வருகிற புத்தகத்திலேயே படம் போட்டு 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது என்று இருக்கிறது. நம் நடையில் இருபது தப்படி. அந்தப் புத்தகம் பிரிக்காத கவரோடு ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதைக் காட்டித்தான் சூப்பர்வைசரிடம் பேசினேன். காலை ஏழிலிருந்து பத்து வரை மெஷின் மட்டும், பத்துக்கு மேல் நாங்கள் கையால் களை பறிக்கிறோம் என்று கேட்டேன். யாருக்கும் ஒரு ரூபாய் செலவு இல்லை என்பதால் ஒத்துக்கொண்டார். முதலிலேயே யாராவது இப்படி நேரத்தைப் பிரித்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. கண்ணாடியைவிடக் கவசத்தைவிட இதுதான் பெரிய பாதுகாப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கண்ணாடியும் வேண்டும். வெயில் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடுகிற பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். ஐ.எஸ். 5983 என்ற தர எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 150 ரூபாய்க்குள் கிடைக்கிறது. முகத்துக்கு முன்னால் தொங்குகிற மறைப்பு மட்டும் போதாது, துணுக்கு கீழிருந்து மேலே ஏறி அடிக்கும். குமுளிக் குளிரில் கண்ணாடி ஆவி பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாது, அதனால்தான் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். துளை வைத்த கண்ணாடியாக வாங்கி, குளிக்கிற சோப்பை உள்பக்கம் லேசாகத் தேய்த்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. கூட்டுகிறபோதும், வேலி கத்தரிக்கிறபோதும், தென்னை ஓலை இழுக்கிறபோதும் போட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தம்பி பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் ஜீப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யக்கா, எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலக்கா" என்றான். உண்மைதான். மெஷினைக் கையில் கொடுத்து, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அவனுக்குச் சொன்னார்கள். இப்போது மறைப்பை மாட்டித்தான் ஓட்டுகிறான். வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு நடை நடந்து கல், கம்பி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுகிறான். சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் நாங்கள் ஒரு சைகை வைத்திருக்கிறோம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால், எதிரில் யாராக இருந்தாலும் என்ஜினை அணைத்துவிடுவான். பின்பக்கமாக ஒருபோதும் போகக்கூடாது, அவன் திரும்பினால் மெஷினும் கூடவே திரும்பும்.

தழும்புக்குக் கருவிழி மாற்று அறுவை செய்யலாம் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் இறந்த பிறகு கொடுத்த கண் வேண்டும். மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று நானாகத்தான் தள்ளிப் போட்டேன். அறுவைக்குப் பிறகு பல மாதம் மண்ணில் இறங்கக்கூடாதாம், அதுவரைக்கும் சாப்பாட்டுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். வாரம் 300 ரூபாய் வீதம் தபால் ஆபீசில் போட்டு வருகிறேன்.